கூழுக்கும் களிக்கும் இடையில்: ரொபேர்ட் கோக்கின் வாழ்க்கை

மார்ச் 24ஆம் திகதியை உலகம் காசநோய் தினமாக நினைவுகூருகிறது. 1882ஆம் ஆண்டு அதே நாள் மாலையில், பேர்லின் நகரில் ஒரு சிறிய வாசிப்பு அறையில், கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத ஒரு வைத்தியர் தன் நுணுக்குக்காட்டிகளையும் சோதனைக் குழாய்களையும் மேசைமேல் அடுக்கிவைத்து, காசநோய் எதனால் வருகிறது என்பதைக் காட்டினார். அவர் பெயர் ரொபேர்ட் கோக். அந்த நாட்களில் ஐரோப்பாவில் இறப்பவர்களில் ஏழில் ஒருவரை அந்த நோயே கொண்டுபோனது.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். ஊரில் வணிகவியல் பட்டம் பெற்று, 1996இல் ஜேர்மனிக்கு அகதியாக வந்து, இன்று நம்மவர்களின் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

வந்த முதல் கிழமையே முகாமில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நெஞ்சை எக்ஸ்றே எடுத்தார்கள். எங்கள் அறையில் நால்வர் இருந்தோம். அதில் ஒரு அண்ணைக்கு நுரையீரலில் நிழல் தெரிந்தது. அன்று மாலையே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் போன பிறகு நாங்கள் மூவரும் செய்த முதல் வேலை, அவர் தேநீர் குடித்த கோப்பையைக் குப்பையில் போட்டது. பல மாதங்களின் பின் சுகமாகித் திரும்பி வந்தார். நோய் முற்றாக மாறிவிட்டது என்ற கடிதம் கையில் இருந்தது. ஆனாலும் அவர் ஊற்றித் தந்த தேநீரை நான் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஊரில் சயரோகம் என்றால் வீட்டுக்குள் மறைத்து வைக்கும் நோய். கலியாணம் பேசும்போது அந்தக் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று இரகசியமாக விசாரிப்பார்கள். அந்தப் பயத்தை நானும் பெட்டியோடு கொண்டுவந்திருந்தேன். கிருமி எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவாது என்பது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தேநீரைக் குடித்திருப்பேன்.

சுரங்க ஊரில் பிறந்தவர்

ரொபேர்ட் கோக் 1843 டிசம்பர் 11ஆம் திகதி ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத்தில் அதிகாரி. பதின்மூன்று பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். பள்ளிக்கூடம் போக முன்னரே பத்திரிகைகளைப் பார்த்துத் தானாக வாசிக்கப் பழகிக்கொண்டவர் என்று வீட்டில் சொல்லுவார்களாம். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1866இல் உயர் தகுதியுடன் தேறினார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த யாக்கோப் ஹென்லே, தொற்றுநோய்களுக்கு உயிருள்ள நுண்ணிய பொருள்களே காரணம் என்று நெடுங்காலத்துக்கு முன்னரே எழுதியவர். அன்று அதை நம்பியவர்கள் குறைவு.

1867இல் எம்மி என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு ஒரு மகள். ஊர் ஊராக மாறிச் சிறு சிறு வேலைகள் பார்த்தார். பிரான்சுடனான போரில் தொண்டராகச் சேர்ந்து பணியாற்றினார். 1872இல், இன்று போலந்து நாட்டில் உள்ள வொல்ஸ்டைன் என்ற சிற்றூருக்கு மாவட்ட வைத்திய அதிகாரியாகப் போனார். பல்கலைக்கழகமும் இல்லை, நூலகமும் இல்லை, பேச்சுத்துணைக்கு ஒரு விஞ்ஞானியும் இல்லை. மனைவி பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த ஒரு நுணுக்குக்காட்டி மட்டும் இருந்ததாகச் சொல்வார்கள். நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரைச்சீலையால் மறித்து, அதையே தன் ஆய்வுகூடமாக்கிக் கொண்டார்.

அந்தப் பக்கத்து ஆடுமாடுகளை அந்த்ராக்ஸ் என்ற நோய் கொன்றுகொண்டிருந்தது. செத்த விலங்கின் இரத்தத்தில் கோல் போன்ற உருவங்கள் இருப்பதை வேறு சிலர் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். அவை நோயின் காரணமா, நோயால் வந்த விளைவா என்று யாருக்கும் தெரியவில்லை. கோக் மரச் சிராய்களால் சுண்டெலிகளுக்கு அந்த இரத்தத்தை ஏற்றினார். மாட்டுக் கண்ணின் உள்ளே உள்ள தெளிந்த நீரை எடுத்து அதில் அந்தக் கோல்களை வளர்த்தார். வசதி குறையும்போது அவை கடினமான சிறு வித்திகளாக மாறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பதைக் கண்டார். சில மேய்ச்சல் நிலங்களில் மட்டும் நோய் திரும்பத் திரும்ப வருவதன் இரகசியம் அதுதான். 1876இல் தன் பெட்டிகளையும் எலிகளையும் கொண்டு பிரெஸ்லவ் நகருக்குப் போய், பேராசிரியர் பெர்டினண்ட் கோன் முன்னிலையில் எல்லாவற்றையும் செய்து காட்டினார். பெயர் தெரியாத ஒரு ஊர் வைத்தியர் சில நாட்களில் பேசப்படும் மனிதரானார்.

ஓடும் கிருமியை நிறுத்துவது எப்படி?

1880இல் அவருக்குப் பேர்லினில் அரசாங்க சுகாதாரத் திணைக்களத்தில் இடம் கிடைத்தது. அங்கேதான் அவருடைய உண்மையான பெரிய வேலை தொடங்கியது.

அன்றைய சிக்கல் இதுதான். கிருமிகளை வளர்ப்பதற்கு எல்லோரும் இறைச்சி அவித்த சாற்றைப் பயன்படுத்தினார்கள். சாறு தண்ணீர். அதில் பத்து வகைக் கிருமி விழுந்தால் பத்தும் கலந்து நீந்தும். நோய்க்குக் காரணமான கிருமி எது, காற்றிலிருந்து தற்செயலாக விழுந்தது எது என்று பிரிக்க முடியாது. என்னுடைய தொழிலில் சொல்வதென்றால், பத்துப் பேருடைய கொடுக்கல் வாங்கல்களை ஒரே பக்கத்தில் பெயர் போடாமல் எழுதிவிட்டு, யாருக்கு எவ்வளவு கடன் என்று தேடுவதைப் போன்றது அது.

ஒருநாள் அவித்து வெட்டி வைத்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றில் வெவ்வேறு நிறத்தில் சிறு புள்ளிகள் தோன்றியிருப்பதைக் கோக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துப் பார்த்தபோது அதற்குள் ஒரே வகைக் கிருமிதான் இருந்தது. விழுந்த இடத்தில் ஒன்று தங்கி, பெருகி, தன் இனத்தோடு ஒரு குடியிருப்பை அமைத்திருந்தது. தண்ணீராக இருந்திருந்தால் எல்லாம் கலந்திருக்கும். கெட்டியான மேற்பரப்பு அவற்றைப் பிரித்து வைத்தது.

ஆனால் எல்லாக் கிருமிகளும் உருளைக்கிழங்கில் வளரா. அதனால் இறைச்சிச் சாற்றில் ஜெலற்றின் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் களியாக உறையவைத்தார். இப்போது சாறும் இருந்தது, கெட்டியும் இருந்தது. 1881இல் இலண்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டின்போது இந்த முறையைச் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் லிஸ்டரும் பாஸ்டரும் இருந்தார்கள். பிரான்சும் ஜேர்மனியும் போர் செய்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆனாலும் பிரெஞ்சுக்காரரான பாஸ்டர் அது பெரிய முன்னேற்றம் என்று வாய்விட்டுப் பாராட்டினார்.

பெயர் எழுதப்படாத ஒரு பெண்

ஜெலற்றினில் இரண்டு குறைகள் இருந்தன. மனித உடலின் வெப்பமான 37 பாகையில் அது உருகிவிடும். நோய்க்கிருமிகளோ அந்த வெப்பத்தில்தான் நன்றாக வளரும். அதோடு சில கிருமிகள் ஜெலற்றினையே தின்று கரைத்துத் தண்ணீராக்கிவிடும்.

கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை பழக வந்தவர்களில் வால்தர் ஹெஸ்ஸே ஒருவர். காற்றில் உள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். கோடை வெயிலில் அவருடைய களி உருகி உருகிப் போனது. அவருடைய மனைவி பன்னி ஹெஸ்ஸே 1850இல் நியூயோர்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பதும், ஆய்வுகூடத்தில் கூடமாட உதவுவதும் அவருடைய வழக்கம். வீட்டில் அவர் செய்யும் ஜெலியும் புடிங்கும் எந்த வெயிலிலும் உருகுவதில்லை. காரணம், அவர் அகர் அகர் போட்டுச் செய்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒல்லாந்துக்காரர் சிலரிடமிருந்து அவருடைய குடும்பம் அதைக் கற்றிருந்தது. ஆய்வுகூடத்துக்கும் அதையே பயன்படுத்திப் பார்க்கலாமே என்று கணவருக்குச் சொன்னவர் அவர்தான்.

அகர் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ஏறத்தாழக் கொதிக்கும் நிலைக்கு வந்தால்தான் உருகும். உறைந்த பிறகு 37 பாகையில் கல்லுப்போல நிற்கும். மிகப் பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்ன முடியாது. நம் முஸ்லிம் அயலவர்கள் நோன்பு காலத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு துண்டாக வெட்டித் தரும் கடற்பாசி நினைவிருக்கிறதா? அதே பொருள்தான். கஞ்சிப்பாசி என்று நம் கரையோர மக்கள் அழைக்கும் பாசியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இலங்கைப் பாசி என்ற பெயரில் அது 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

1882இல் வெளியான காசநோய்க் கட்டுரையில் கோக் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். யார் சொன்னது என்று எழுதவில்லை. ஹெஸ்ஸே குடும்பத்துக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை. பன்னி அம்மையார் 1934இல் இறந்தார். இன்று உலகத்தின் எந்த ஆய்வுகூடத்திலும் அகர் தட்டு இல்லாமல் ஒருநாள் வேலை நடக்காது. கோக்கின் உதவியாளர் பெற்றி 1887இல் செய்த மூடியுள்ள தட்டு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அந்தத் தட்டுக்குள் உள்ள களிக்கு மட்டும் பெயர் இல்லை. கணக்காய்வு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோக்கின் ஐந்தொகையில் பதியாமல் விடப்பட்ட முதல் கடன் இது.

காசநோயும் கொலராவும்

1882இல் காட்டிய காசநோய்க் கிருமி லேசில் பிடிபட்டதன்று. சாதாரணச் சாயம் அதில் ஏறவில்லை. பல முறை முயன்று நீலச் சாயத்தால் அதைத் தெரியவைத்தார். வெப்பத்தால் கெட்டியாக்கிய இரத்தத் தெளிநீரில் அதை வளர்த்தார். மற்றக் கிருமிகள் ஒரே இரவில் முளைக்க, இது புள்ளியாகத் தெரியவே கிழமைகள் எடுத்தது. பொறுமை இல்லாத ஒருவர் இடையில் தட்டைக் கழுவி வைத்திருப்பார். கோக் காத்திருந்தார்.

காசநோய்க் கிருமிக்கு நீந்தத் தெரியாது. அதற்கு வால் போன்ற எந்த உறுப்பும் இல்லை. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் மிக நுண்ணிய துளிகளில் ஏறி, இன்னொருவரின் மூச்சுக்குள் போகிறது. கோப்பையில் தொற்றாது. கைகொடுத்தால் தொற்றாது. சரியான மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் பெரும்பாலான நோயாளரிடமிருந்து அது பரவுவதே நின்றுவிடும். நாங்கள் குப்பையில் போட்ட கோப்பைக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கொலராக் கிருமி இதற்கு நேர்மாறானது. 1883இல் எகிப்தில் கொலரா பரவியபோது பிரான்சும் ஜேர்மனியும் தனித்தனியாக ஆய்வுக் குழுக்களை அனுப்பின. பாஸ்டரின் இளம் சீடர் லூயி துய்யே அலெக்சாந்திரியாவில் அந்த நோயாலேயே இறந்தார். போட்டிக் குழுவின் தலைவரான கோக் அவருடைய இறுதி ஊர்வலத்தில் மலர்வளையத்தோடு நடந்தார். எகிப்தில் நோய் தணியவே கோக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். 1884 ஜனவரியில் கொலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். காற்புள்ளி போல வளைந்த சிறு உருவம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் பச்சினி என்பவர் அதை ஏற்கெனவே கண்டிருந்தார். ஆனால் அதைப் பிரித்து வளர்த்து, நோய் உள்ளவரிடம் இருக்கிறது, இல்லாதவரிடம் இல்லை என்று காட்டியவர் கோக். மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்திலும் அதைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கிருமிக்கு ஒரு வால் உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் சவுக்குமுளை என்று படித்திருப்பீர்கள். ஜெலற்றின் களியில் ஊசியால் குத்தி வைத்தால், மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் புனல் போன்ற வடிவில் களியைக் கரைத்துக்கொண்டு இறங்கும். நம் குடலின் உட்சுவரைப் பூசியிருக்கும் சீதமும் ஒரு வகைக் களிதான். குடலின் கலங்களைக் கிருமி நெருங்காதபடி அது காவல் நிற்கிறது. கொலராக் கிருமி அந்தக் களியைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து, வாலைச் சுழற்றி அதைக் கடந்துபோகிறது. தட்டில் கண்ட அதே வித்தையை வயிற்றுக்குள்ளும் செய்கிறது.

கூழில் நீந்தும், களியில் நிற்கும்

கோக் களியைத் தேடியது கிருமியை நிறுத்துவதற்காக. ஆனால் எல்லாக் கிருமியும் நிற்கவில்லை. 1885இல் எர்லாங்கன் நகரில் குஸ்தாவ் ஹவுசர் என்பவர் ஒரு கிருமியை ஜெலற்றினில் வைத்தபோது, அது புள்ளியாகத் தங்காமல் கூட்டமாகத் தட்டு முழுவதும் படர்ந்தது. கிரேக்கக் கதைகளில் நினைத்தபடி உருவம் மாறும் கடல்தெய்வத்தின் பெயரால் அதற்குப் புரோட்டியஸ் என்று பெயர் வைத்தார். இந்தக் கிருமி மேற்பரப்பில் படும்போது தன் உடலை நீட்டி, உடல் முழுவதும் வால்களை முளைக்கவைத்து, ஒன்றோடொன்று உரசியபடி கூட்டமாக ஊர்கிறது. சற்று நேரம் ஊர்ந்து, நின்று, பெருகி, மறுபடியும் ஊர்கிறது. தட்டில் வளையம் வளையமாகத் தடம் தெரியும். சிறுநீர்க் குழாய் போட்ட நோயாளருக்குத் தொற்று வருவதற்கு இன்றும் இது ஒரு முக்கிய காரணம்.

பிற்காலத்தில் இதை அளந்து பார்த்தார்கள். நூறு பங்கு சாற்றில் ஒன்றரைப் பங்கு அகர் போட்டால் உழுத்தங்களி போல இறுகும். பெரும்பாலான கிருமிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பாதிப் பங்குக்குச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் போட்டால் மேற்பரப்பில் கூட்டமாக ஊரும். கால் பங்கு, அதைவிடச் சற்றுக் கூட என்று போட்டால் ஆடிக்கூழ் பதம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கும். அந்தத் துவாரங்களுக்குள்ளால் கிருமி நீந்திப் போகும். நடுவில் ஒரு துளி வைத்தால் மறுநாள் அழகான வட்டம் விரிந்திருக்கும். இருந்த இடத்தில் உணவு தீர்ந்துவர, உணவு கூடிய திசையை நோக்கி எல்லாம் வெளியே நகர்வதால் வருகிற வட்டம் அது.

நம் குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒன்று எப்படி நீந்துகிறது என்று பாருங்கள். அதன் வால்களின் அடியில் ஒரு நுண்ணிய சுழலி இருக்கிறது. ஒரு செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் சுழலும். ஒரு பக்கம் சுழன்றால் எல்லா வால்களும் ஒரு கட்டாகச் சேர்ந்து நேராக ஓடவைக்கும். மறுபக்கம் சுழன்றால் கட்டுக் குலைந்து கிருமி தடுமாறிப் புரளும். பிறகு வேறொரு திசையில் ஓடும். ஏறத்தாழ ஒரு செக்கன் ஓட்டம், பத்தில் ஒரு செக்கன் தடுமாற்றம்.

தடுமாறாமல் நேராக மட்டும் ஓடக்கூடிய கிருமிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்தார்கள். தண்ணீரில் அவை நன்றாக ஓடின. கூழ்ப்பதமான அகரில் விட்டபோது சற்றுத் தூரம் போய், முட்டுச்சந்துகளில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. புரண்டு திரும்பத் தெரிந்த கிருமிகளே துவாரங்களின் சிக்கலுக்குள்ளிருந்து வெளியே வந்து பரவின. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருந்தேன். கொழும்பு, மொஸ்கோ, கியேவ், பிராக் என்று வழியெல்லாம் அடைபட்டுத் திரும்பித் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் நாங்கள்.

வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபக்டர் கிருமியின் வழி இன்னொன்று. அமிலத்தை முறிக்கும் ஒரு பொருளைத் தன்னைச் சுற்றி உண்டாக்கி, இரைப்பையின் சீதக் களியைக் கூழாக இளக்கி, அதற்குள் நீந்திப் போகிறது. அதைக் கண்டுபிடித்த இரு அவுஸ்திரேலியர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கோக்குக்கு அதே பரிசு கிடைத்தது சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1905இல்.

அவசரப்பட்ட ஒரு மருந்து

புகழின் உச்சியில் கோக் தவறினார். 1890இல் பேர்லினில் கூடிய பெரிய மருத்துவ மாநாட்டில், காசநோயின் வளர்ச்சியை நிறுத்தும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அது என்ன என்று சொல்லவில்லை. அதில் வரக்கூடிய வருமானத்தையும் மனதில் வைத்திருந்தார். ஐரோப்பா முழுவதிலும் இருந்து நோயாளர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேர்லினுக்குப் புறப்பட்டார்கள். தங்குவிடுதிகள் நிரம்பின. ஊசி போட்டவர்களில் பலருக்குக் காய்ச்சல் கூடியது. சிலர் இறந்தார்கள். சில மாதங்களில் அந்த மருந்து குணப்படுத்தவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது காசநோய்க் கிருமியிலிருந்து கிளிசரினில் பிரித்தெடுத்த ஒரு சாறு என்பதை அவர் 1891இல்தான் வெளியிட்டார்.

மருந்தாகத் தோற்ற அதே சாறு, தோலுக்குள் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனையாகப் பின்னர் பயன்பட்டது. உடலில் கிருமி முன்னர் புகுந்திருந்தால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். நம்மவர்களின் பிள்ளைகள் பலருக்கு முன்கையில் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து அளந்து பார்த்த ஊசி அதன் வழிவந்ததே.

அந்த ஆண்டுகளில் அவருடைய வீடும் குலைந்தது. 1893இல் எம்மியை விவாகரத்துச் செய்து, தன்னைவிட ஏறத்தாழ முப்பது வயது இளைய பெண்ணை மணந்தார். நகரம் அதைப் பற்றியே பேசியது.

ஹம்பேர்க், 1892

இந்த மனிதரின் வாழ்க்கையில் நம்மவர்கள் முக்கியமாக அறியவேண்டிய பகுதி இதுதான். 1892 ஓகஸ்டில் ஹம்பேர்க் நகரில் கொலரா வெடித்தது. சில கிழமைகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகர அதிகாரிகள் வியாபாரம் கெட்டுவிடும் என்று பயந்து செய்தியை ஒத்திப்போட்டார்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதற்காக ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள் ஆயிரக்கணக்கில் துறைமுகத்துக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். பழி அவர்கள்மேல் விழுந்தது. அகதிகள் கொண்டுவந்த நோய் என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கா அவர்களுக்குக் கதவை இறுக்கியது.

அரசாங்கம் கோக்கை அனுப்பியது. அவர் வரைபடத்தைப் பார்த்தார். ஹம்பேர்க்கை ஒட்டியே அல்தோனா என்ற தனி நகரம் அன்று இருந்தது. சில தெருக்களில் ஒரு பக்கம் ஹம்பேர்க், மறுபக்கம் அல்தோனா. ஒரே காற்று, ஒரே மண், ஒரே மாதிரியான ஏழைகள். ஹம்பேர்க் பக்கத்து வீடுகளில் சாவு விழுந்தது. அல்தோனாப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. இரண்டு நகரமும் எல்பே ஆற்றுத் தண்ணீரையே குடித்தன. இன்னும் சொன்னால், அல்தோனா ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே எடுத்தது. ஒரே வேறுபாடு, அல்தோனா தண்ணீரை மணலில் வடித்துக் கொடுத்தது. ஹம்பேர்க் செலவைப் பார்த்து வடிகட்டி கட்டுவதைப் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்தது.

மணல் எப்படிக் கிருமியை நிறுத்துகிறது? கிருமியைவிட மணல் இடைவெளி மிகப் பெரியது. கோக் விளக்கினார்: மணலின் மேலே நாளடைவில் வழுவழுப்பான ஒரு பாசிப்படை படியும். அது உயிருள்ள ஒரு மெல்லிய களி. கிருமிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் அதுதான். தண்ணீரை வேகமாகத் தள்ளினாலோ அந்தப் படையைக் கிழித்தாலோ கிருமி கடந்துவிடும். வடித்த தண்ணீரை நாள்தோறும் களித்தட்டில் ஊற்றி எண்ணிப் பார்க்கவேண்டும், ஒரு மில்லிலீற்றரில் நூறு கிருமிக்கு மேல் இருந்தால் விடக்கூடாது என்று ஓர் எல்லையை வைத்தார். அந்த நூறு என்ற எண் இன்றும் ஜேர்மனியின் குடிநீர் விதிகளில் இருக்கிறது. ஹம்பேர்க் 1893இல் வடிகட்டியைக் கட்டி முடித்தது.

கொலராவுக்குக் கிருமி மட்டும் காரணமில்லை என்று வாதாடிய முதுபெரும் பேராசிரியர் பெட்டன்கோபர், அதே ஆண்டு ஒரு குவளை கிருமியை எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். லேசான வயிற்றோட்டத்தோடு தப்பிவிட்டார். ஆனால் அல்தோனாவின் கணக்கை அவரால் மாற்ற முடியவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளின் சாவுக் கணக்கு அது.

இன்னொரு பக்கம்

இவரை முழுக்கப் புகழ்ந்து முடித்தால் அது பொய்க் கணக்கு. 1901இல், மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று இலண்டனில் சொன்னார். அது பிழை. அந்த நோய் பாலின் வழியே குழந்தைகளைத் தாக்கியது. 1906, 1907ஆம் ஆண்டுகளில் ஆபிரிக்காவில் விக்டோரியா ஏரித் தீவுகளில், உறக்க நோய் கண்ட மக்களுக்கு ஆர்சனிக் கலந்த ஒரு மருந்தை ஏற்றினார். மருந்தின் அளவைக் கூட்டியபோது சிலர் நிரந்தரமாகப் பார்வையை இழந்தார்கள். நோயாளரை முகாம்களில் தனிமைப்படுத்தவேண்டும் என்றும் எழுதினார். ஜேர்மனியில் ஒரு நோயாளரிடம் அப்படி நடந்திருக்க முடியாது. குடியேற்ற நாட்டு மக்களைக் கேட்க ஆள் இருக்கவில்லை. முகாம் என்ற சொல்லின் கனம் தெரிந்த நாங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

1910 மே 27ஆம் திகதி பாடன்பாடன் நகரில் கோக் இறந்தார். அவருடைய சாம்பல் பேர்லினில், அவருடைய பெயர் தாங்கிய நிறுவனத்தின் உள்ளேயே ஒரு மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் படித்த ஜப்பானியர் கிதசாட்டோ, தன் ஆசானுக்குத் தோக்கியோவில் ஒரு சிறு கோவிலே கட்டினார்.

இன்றும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காசநோயால் இறக்கிறார்கள். மருந்து இருக்கிறது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் தவறாமல் குடித்தால் மாறும் நோய் அது. இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருமல் நின்றால், இரவில் வியர்த்தால், காரணமில்லாமல் மெலிந்தால், வைத்தியரிடம் போங்கள். நம்மவர்கள் போகாமல் இருப்பதற்கு நோயைவிட அயலவரின் வாய்தான் பெரும்பாலும் காரணம்.

அந்த அண்ணை இப்போது எங்கள் நகரத்திலேயே இருக்கிறார். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். போன வருடம் அவருடைய வரிக் கணக்கை முடித்துக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு, முகாமில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அன்றே தெரியும் என்றார். பிறகு இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குசினிக்குள் போனார்.